சீமாட்டி உறங்கிய இரவு

பன்றி வளர்ப்பைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் மாதர் சங்கத்தில் இரண்டொருவர் முகத்தைச் சுளித்தார்கள். "வேறொண்டும் கிடைக்கேல்லையோ அக்கா? தையலைப் பற்றி எழுதுங்கோவன்" என்றார் ஒரு தங்கச்சி. தையலைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். குட்டி போட்ட பன்றிக்கு ஊசி போட்டு உறங்க வைத்துவிட்டு, விடியும்வரை பக்கத்தில் குந்தியிருந்த கதையை நான்தானே எழுத வேண்டும்?

நாங்கள் மன்னார்ப் பெருநிலப் பக்கம். இடம்பெயர்ந்து, முகாமிலிருந்து, 2010 இல் திரும்பி வந்தவர்கள். இவர் மற்றவர்களுடைய வள்ளத்தில் கூலிக்குப் போவார். காற்று அடித்தால் அதுவுமில்லை. 2014 இல் சங்கத்தின் சுழற்சிக் கடனில் எனக்கு நாற்பதாயிரம் ரூபா கிடைத்தது. சிலர் கோழி எடுத்தார்கள், சிலர் ஆடு. எங்களுடைய ஊர் முழுவதும் கத்தோலிக்கர்கள் என்பதால் பன்றி வளர்க்க அயலில் ஆட்சேபம் இல்லை. ஆனாலும் கொட்டிலை வளவின் பின்புறம், கிணற்றுக்குத் தூரத்தில்தான் போட்டோம். வெள்ளை இனக் கலப்பில் ஒரு பெட்டைப் பன்றி வாங்கினேன். அது நடக்கிற நடையைப் பார்த்துவிட்டு என் மூத்த மகள் அதற்குச் 'சீமாட்டி' என்று பெயர் வைத்தாள்.

பன்றியின் சினைக்காலம் மூன்று மாதம், மூன்று கிழமை, மூன்று நாள் என்று சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் 114 நாள். சீமாட்டியைக் கடுவனிடம் விட்டது செப்ரெம்பர் முதலாந் திகதி. நான் கலண்டரில் எண்ணி, டிசெம்பர் 24 இல் வந்து நின்றபோது "பாலன் பிறப்போடை குட்டியும் பிறக்கப்போகுது" என்று பிள்ளைகள் துள்ளினார்கள். எனக்கும் சந்தோசந்தான். நத்தார் இரவென்றால் என்னென்ன நடக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

அன்று பின்னேரமே சீமாட்டி நிலைகொள்ளாமல் திரிந்தாள். சீமெந்து நிலத்தைக் காலால் விறாண்டினாள், மூஞ்சியால் சுவரைக் கிண்டினாள், தண்ணீர்த் தொட்டியைப் புரட்டினாள். குட்டி போடுமுன் கூடு கட்டுவது பன்றியின் இயல்பு. வைக்கோலோ சருகோ கிடைத்தால் வாயால் கவ்விக் குவித்து மெத்தைபோல் செய்துகொள்ளும். கான் அடைத்துவிடும் என்று நான் ஒரு பிடி வைக்கோல்கூடப் போட்டிருக்கவில்லை. வெறுஞ் சீமெந்தில் அவள் எதைக் கொண்டு கூடு கட்டுவாள்? இது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இரவு பத்து மணிக்கு முதற் குட்டி. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நாலாவது குட்டி வந்த நேரம் கோயில் பக்கம் வெடி கொளுத்தத் தொடங்கினார்கள். படபடவென்று சீனவெடி, இடையிடையே தரை அதிர ஒரு பெரிய வெடி. சீமாட்டி துள்ளி எழும்பினாள். காலடியில் எதுவோ நெளிகிறது, கத்துகிறது. பயந்த சீவன் திரும்பி ஒரு கடி. அந்தக் குட்டி கத்தக் கத்த அவளுக்கு இன்னும் வெறி ஏறியது. நான் குளறிக்கொண்டு உள்ளே இறங்குவதற்குள் மூன்று முடிந்துவிட்டது. மூன்றும் அவள் வயிற்றிலிருந்து வந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை.

மாமி செபமாலையும் கையுமாகக் கோயிலுக்குப் புறப்பட்டு நின்றவர், திரும்பி வந்து பார்த்துவிட்டு நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டார். "பெத்த பிள்ளையைத் தின்னிற பண்டி வீட்டுக்காகாது பிள்ளை. விடிஞ்சதும் வெட்டிப்போடு."

கடித்ததைத் தவிர அவள் தின்னவில்லை. ஆனால் அதைச் சொல்லி வாதாட எனக்கு அப்போது தைரியம் வரவில்லை. நானும் ஒரு தாய்தானே, அவளைப் பார்க்கவே எனக்குக் கூசியது என்பதுதான் உண்மை.

மிச்சக் குட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்துக் கடகத்தில் போட்டோம். மொத்தம் பத்துப் பிறந்தன, ஏழு உயிரோடு இருந்தன. கால்நடை வைத்தியருக்குப் போன் அடித்தோம். நத்தார் இரவு, எடுப்பார் இல்லை. அதை ஒரு குறையாகச் சொல்லமாட்டேன், அவர்களுக்கும் வீடு வாசல் உண்டு. இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், முன்பு ஒரு பண்ணையில் வேலை செய்த, ஊசி போடத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்தார்.

வந்தவர் நல்ல மனுசன்தான். நடு இரவில் கூப்பிட்டதும் வந்தாரே! கையில் ஒரு போத்தல் இருந்தது, ஒட்டுத்தாள் பாதி கிழிந்திருந்தது. "மயக்க ஊசி. போட்டால் படுத்திடும். பிறகு குட்டியைப் பால் குடிக்க விடலாம்" என்றார். ஆளுக்குப் போடுகிற ஊசிமுனை போல் கட்டையான ஒன்றைப் பூட்டிச் சீமாட்டியின் கழுத்தில் குத்தினார். பத்து நிமிடம் பார்த்தோம். அவள் நின்றபடியே உறுமினாள். பதினைந்து நிமிடம். படுக்கவில்லை. நாங்கள் ரோச் லைற்றை அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். "காணாது போல கிடக்கு" என்று இன்னொரு ஊசி ஏற்றினார். அதன்பிறகு கொஞ்ச நேரத்தில் பின்கால் மடங்கி அப்படியே சரிந்து விழுந்தாள்.

எவ்வளவு நிம்மதி எங்களுக்கு! ஏழு குட்டியையும் அவள் பக்கத்தில் விட்டோம். ஊசிக்காரருக்குக் காசும் ஒரு துண்டு கேக்கும் கொடுத்து அனுப்பினோம். நான் நடுச்சாமப் பூசைக்குப் போகவில்லை. ஆனால் கொட்டிலிலும் நிற்கவில்லை. களைப்பு. சீமாட்டி அமைதியாகப் படுத்திருக்கிறாள், இனிப் பயமில்லை என்று வீட்டுக்குள் போய்ச் சரிந்துவிட்டேன்.

விடியற்புறம் போய்ப் பார்த்தபோது அவள் இன்னும் எழும்பவில்லை. மழைக்காலம், நிலம் ஈரம். அவளைத் தொட்டால் குளிர்ந்துபோய்க் கிடந்தாள். பக்கவாட்டில் சரியவில்லை, பாதி வயிறு நிலத்தோடு அமர்ந்திருந்தது. கீழ்வரிசை முலைக்காம்புகள் எல்லாம் உடம்புக்கு அடியில். ஒரு குட்டி அவளுக்கு அடியில் நசிந்து கிடந்தது. இன்னொன்று சுவரோரம் விறைத்துப்போய்க் கிடந்தது. மற்ற ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நடுங்கிக்கொண்டிருந்தன. வயிறுகள் ஒட்டியிருந்தன.

அந்த ஐந்தும் பிழைத்துவிடும் என்றுதான் நினைத்தேன். சீமாட்டி எழும்பினாள், தள்ளாடினாள், தண்ணீர் குடித்தாள், குட்டிகளைக் கடிக்கவில்லை. பால் குடிக்க விட்டாள். ஊசி வேலை செய்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். மூன்றாம் நாள் இரண்டு குட்டிக்குத் தண்ணீராகக் கழிந்தது. ஐந்தாம் நாள் இரண்டும் இல்லை. பத்தில் மூன்று மிஞ்சின.

26 ஆந் திகதியே இறைச்சிக்காரர் வந்து விலை பேசினார். மாமி விடாப்பிடியாக நின்றார். கடனை நினைத்து எனக்கும் மனம் சாய்ந்துவிட்டது. முந்தின நாள்வரை போன் எடுக்காத கால்நடை வைத்தியர் அன்று தானாகவே திரும்ப எடுத்தார். எங்களுடைய பகுதிக்குப் புதிதாக வந்த இளம் பெண்பிள்ளை அவர். விசயத்தைக் கேட்டதும் முதலில் சொன்னது இதுதான்: "அம்மா, ஊசி போட்ட பண்டியை இறைச்சிக்குக் குடுக்கக் கூடாது. மருந்து உடம்பிலை கிடக்கும். மூண்டு கிழமையாவது போகட்டும்." மூன்று கிழமைக்குப் பிறகு நத்தார் விற்பனையும் முடிந்துவிடும், குட்டிகளும் பாலில் இருக்கும் என்று இறைச்சிக்காரர் போய்விட்டார். சீமாட்டியின் உயிரைக் காப்பாற்றியது என்னுடைய இரக்கமல்ல, அந்த மருந்துதான்.

அடுத்த நாள் டொக்டர் நேரில் வந்தார். குப்பையில் கிடந்த போத்தலை எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "அசாபெரோன். நானும் இதைத்தான் போட்டிருப்பன். மருந்திலை பிழையில்லை" என்றார். பிறகு திண்ணையில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எனக்கு விளங்கப்படுத்தினார். நான் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவள். ஆனாலும் அவர் சொன்னதை மகளின் கொப்பியில் எழுதி வைத்தேன். அந்தக் கொப்பி இன்னமும் இருக்கிறது.

இது மயக்க மருந்தல்ல, அமைதிப்படுத்தும் மருந்து. நோவை எடுக்காது. பயத்தையும் ஆத்திரத்தையும் மட்டும் தணிக்கும். பன்றியின் காதுக்குப் பின்னால், நீளமான ஊசிமுனையால் ஆழமாக, தசைக்குள் போடவேண்டும். பன்றிக்குத் தோலுக்குக் கீழே தடிப்பான கொழுப்பு. கட்டை ஊசியால் போட்டால் மருந்து கொழுப்புக்குள் நின்றுவிடும், உடனே வேலை செய்யாது. போட்ட பிறகு இருபது நிமிடமாவது தொடாமல், வெளிச்சம் அடிக்காமல், சத்தம் போடாமல் விடவேண்டும். இல்லாவிட்டால் அமைதிக்குப் பதிலாக வெறி வரும். நாங்கள் செய்தது என்ன? கட்டை ஊசியால் கொழுப்புக்குள் போட்டோம், ரோச் அடித்தோம், பதினைந்து நிமிடத்தில் பொறுமையிழந்து இரண்டாவதையும் ஏற்றினோம். கொழுப்பில் நின்ற முதலாவது மெல்ல மெல்ல இறங்க, இரண்டாவதும் சேர, அவளுக்கு அளவுக்கு மிஞ்சிவிட்டது.

இந்த மருந்து தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்யும். இரத்த அழுத்தம் குறையும், உடம்புச் சூடு வெளியேறும். அதனால்தான் மழைக்குளிரில் அவள் அப்படிக் குளிர்ந்து கிடந்தாள். பிறந்த பன்றிக்குட்டிக்கு உடம்பில் கொழுப்பே இல்லையென்று சொல்லலாம். மயிரும் இல்லாத மாதிரித்தான். முதல் நாட்களில் அதற்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். தாயின் முலைச் சூடே அதற்கு அடுப்பு. எங்களுடைய குட்டிகளுக்கு அன்றிரவு அந்த அடுப்பு அணைந்திருந்தது.

நசிந்து இறந்த குட்டியைப் பற்றியும் கேட்டேன். விழித்திருக்கும் தாய் படுக்கும்போது ஒரு குட்டி அடியில் அகப்பட்டால் அது கீச்சிடும், நல்ல தாய் உடனே எழும்பும். மருந்தில் கிடப்பவளுக்கு அந்தச் சத்தம் எட்டாது. அது எவ்வளவு நேரம் கத்தியதோ. நான் வீட்டுக்குள் படுத்திருந்தேன், எனக்கும் எட்டவில்லை.

கழிந்து இறந்த இரண்டின் கதைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மனிதப் பிள்ளைக்கு நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு கருப்பையிலேயே தாயிடமிருந்து கிடைத்துவிடுகிறது. பன்றிக்குட்டிக்கு அப்படியில்லை. அது வெறுங்கையோடுதான் பிறக்கிறது. எல்லாம் சீம்பாலில்தான். அதுவும் பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் குடித்தால்தான் அந்தச் சக்தி குடலால் இரத்தத்துக்குள் போகும். பிறகு குடலின் அந்தக் கதவு மூடிவிடும். சீம்பாலின் சத்தும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும், முதல் ஆறு மணித்தியாலமும் பொன்னான நேரம் என்றார் டொக்டர். ஒரு குட்டிக்கு முதல் நாளில் ஏறக்குறைய கால் லீற்றர் சீம்பால் வேண்டும். எங்களுடைய குட்டிகள் அந்த ஆறு மணித்தியாலமும் குளிர்ந்த வயிற்றோடு முட்டிக்கொண்டு கிடந்தன. காலையில் அவை குடித்தது பால்தான். ஆனால் பிந்திவிட்டது. ஐந்தாம் நாள் செத்த குட்டிக்கு நத்தார் இரவிலேயே கணக்கு முடிந்துவிட்டது. நாங்கள்தான் ஊசி வேலை செய்துவிட்டது என்று கேக் கொடுத்தோம்.

"அப்ப ஊசி போட்டிருக்கவே கூடாதோ?" என்று கேட்டேன்.

"போட்டிருக்காட்டி ஏழையும் கடிச்சிருக்கும். போடலாம். போட்டுட்டுப் போகத்தான் கூடாது" என்றார் அந்தப் பிள்ளை.

அதைக் கேட்டபோது எனக்கு என்னுடைய மூத்தவள் பிறந்தது நினைவுக்கு வந்தது. சத்திரசிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். எனக்கு மயக்கம் தெளிந்தும் தெளியாத நிலை, கண்ணைத் திறக்க முடியவில்லை, நா ஒட்டிக்கிடந்தது. பிள்ளை அழுவது எங்கேயோ தூரத்தில் கேட்டது. வயதான தாதியம்மா ஒருவர் பிள்ளையை என் மார்போடு அணைத்துப் பிடித்தபடி, நான் தூங்கத் தூங்க, பால் குடிக்க வைத்தார். அரை மணித்தியாலமாவது குனிந்து நின்றிருப்பார். அவருடைய முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை, கையின் சூடுதான் நினைவிருக்கிறது.

சீமாட்டியை நான் விற்கவில்லை. மாமி ஒரு மாதம் கொட்டில் பக்கமே வரவில்லை. குட்டியைக் கடிப்பது பெரும்பாலும் முதல் ஈற்றில்தான் நடக்கும், பயமும் நோவும் பழக்கமின்மையும் காரணம், அடுத்த ஈற்றில் மாறிவிடக்கூடும், ஆனால் சில பன்றி மாறாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஒரு முறை பார்ப்போம் என்று நினைத்தேன். மூன்று குட்டியையும் ஆறு கிழமையில் பால் மறக்கடித்து, பெப்ரவரி 11 இல் மறுபடி கடுவனிடம் விட்டேன். கலண்டரில் எண்ணினால் 2015 ஜூன் 5. அந்தோனியார் திருநாளுக்கு எட்டு நாள் முந்தி! கோயில் சபையில் போய், கொடியேற்றத்துக்கு எங்கள் ஒழுங்கைப் பக்கம் வெடி போடவேண்டாம் என்று கேட்டேன். பன்றிக்காகவா என்று சிரித்தார்கள். சிரித்தாலும் போடவில்லை.

இந்த முறை ஒரு கிழமைக்கு முன்பே அவளை ஈனும் கொட்டிலுக்கு மாற்றினேன். புது இடத்தில் அன்றன்றே ஈன விட்டால் அந்தப் பதற்றமே போதும் என்று கொப்பியில் எழுதியிருந்தேன். ஒவ்வொரு பின்னேரமும் பழைய தும்புத் தூரிகையால் அவள் வயிற்றைத் தேய்த்துவிட்டேன். முதலில் உறுமினாள். நாலாம் நாள் தானாகவே சரிந்து வயிற்றைக் காட்டினாள். வைக்கோல் இரண்டு கட்டு போட்டேன். சுவரோரம் ஒரு சாணுக்கு மேல் உயரத்தில் இவர் இரும்புக் குழாய் ஒன்றைப் பதித்தார். தாய் படுக்கும்போது குட்டி அதற்கடியில் ஒதுங்கிக்கொள்ளும். மூலையில் பலகைப் பெட்டி, மேலே மின்குமிழ்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு யோசனை சொன்னார். "ஊசியும் கீசியும் வேண்டாம் பிள்ளை. ஒரு போத்தில் கள்ளைத் தவிட்டிலை கலந்து குடு. சொக்கிப்போய்க் கிடக்கும்." கள்ளுக்காலம் வேறு. பழைய ஆட்கள் செய்துவந்த முறைதான் அது. அளவு தெரியாத வெறியில் தள்ளாடுகிற நூற்றைம்பது கிலோ உடம்பு குட்டிக்குமேல் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பெரியவர் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று போத்திலைத் தானே எடுத்துக்கொண்டு போனார்.

ஜூன் 5, இரவு எட்டரைக்கு முதற் குட்டி. டொக்டருக்குச் சொல்லியிருந்தேன். முதலிரண்டும் பிரச்சினையில்லை. மூன்றாவது தத்தித் தத்தி அவள் முகத்துக்கு முன்னால் வந்தது. படாரென்று பாய்ந்தாள். காது நுனி கிழிந்ததோடு குட்டியை இழுத்துவிட்டேன். எனக்குக் கை நடுங்கியது. இனிப் பிறக்கிற ஒவ்வொன்றையும் பின்பக்கத்திலிருந்தே எடுத்துத் துடைத்து, கொப்பூழுக்கு அயடீன் வைத்து, பெட்டிக்குள் விட்டேன். ஒன்று கவனித்தேன்: முகத்தின் முன் குட்டி வந்தால்தான் அவளுக்கு வெறி. படுத்து முக்கிக்கொண்டிருக்கும்போது பின்பக்கத்திலிருந்து நான் காம்பைத் தொட்டால் விட்டாள். ஈனும் நேரம் சீம்பால் தொட்டாலே சுரக்கும். அரைக் கோப்பை கறந்து, காத்திருந்த முதற் குட்டிகளுக்குக் கரண்டியால் பருக்கினேன். மூத்தவள்தான் கோப்பை பிடித்தாள்.

டொக்டர் வந்து சேர ஒன்பதரை ஆகிவிட்டது. வந்தவர் உடனே ஊசி போடவில்லை. ஈற்று நன்றாக நடக்கிறது, கடைசிக் குட்டி வரட்டும் என்று காத்திருந்தார். பதினொரு மணிக்கு முடிந்தது. பதினொன்று, அதில் ஒன்று செத்தே பிறந்தது. நாடாவால் நெஞ்சைச் சுற்றி அளந்து எடையை மதிப்பிட்டு, 150 கிலோ என்று கணக்கெழுதி, ஏழரை மில்லிலீற்றர் எடுத்து, நீள ஊசியால் காதுக்குப் பின்னால் ஒரே குத்து. "இனி எல்லாரும் வெளியிலை" என்றார். குமிழை அணைத்தோம். இருபத்தைந்து நிமிடம், நுளம்புக் கடியோடு வேலிக்கரையில் நின்றோம். உள்ளே வைக்கோல் சரசரத்தது, பிறகு நீளமாக ஒரு மூச்சு.

போய்ப் பார்த்தால் சரிந்து கிடந்தாள். டொக்டரும் நானும் பிடித்து நன்றாகப் பக்கவாட்டில் கிடத்தினோம், இரண்டு வரிசைக் காம்பும் தெரியும்படி. குட்டிகளின் ஊசிப் பற்களின் நுனியை மட்டும் டொக்டர் வெட்டினார். அந்தப் பற்கள் காம்பைக் குத்தித்தான் கன்னி ஈற்றுத் தாய்க்கு எரிச்சல் வருவதுண்டாம். பிறகு பத்தையும் விட்டோம். மருந்து அளவாக இருந்தால் பால் இறங்குவது நிற்காது. அந்த முதல் மணித்தியாலங்களில் சீம்பால் ஊற்றுப்போல் கிடைக்கும். சளக் சளக்கென்று குடிக்கிற சத்தம்! பெரிய ஐந்தும் வயிறு நிறைந்ததும் எடுத்துப் பெட்டிக்குள் போட்டோம், சின்ன ஐந்துக்கும் ஒரு மணித்தியாலம் தனியாக விட்டோம். அப்படிச் செய்யாவிட்டால் பெரியவை முன் காம்புகளைப் பிடித்துக்கொள்ளும், சின்னவை கடைசியில் நின்று ஏமாறும்.

டொக்டர் பன்னிரண்டரைக்குப் போனார். போகும்போது சொன்னது: "எழும்பிற நேரந்தான் ஆபத்து. கால் தடுமாறும். காது ஆடத் தொடங்கினதும் குட்டி எல்லாத்தையும் பெட்டிக்குள்ளை எடுங்கோ. தெளிஞ்ச பிறகு ஒண்டு ஒண்டாய் விடுங்கோ."

அன்று நான் வீட்டுக்குள் போகவில்லை. சாக்கை விரித்து அவள் முதுகுப்பக்கம் இருந்தேன். இடைக்கிடை அவள் காதைத் தொட்டுச் சூடு பார்த்தேன். ஒருமுறை ஒரு குட்டி அவள் பின்தொடைக்குக் கீழே செருகிக்கொண்டு கீச்சிட்டது. அவள் அசையவில்லை. நான் இழுத்தெடுத்தேன். இரண்டரை மணிக்குக் காது ஆடியது. பத்தையும் பெட்டிக்குள் அள்ளினேன். தலையைத் தூக்கினாள், இருமுறை எழும்ப முயன்று விழுந்தாள், மூன்றாந்தரம் நின்றாள். தண்ணீர் வைத்தேன். குடித்தாள். அவள் மறுபடி தானாகப் படுத்த பிறகு, எனக்கு நெஞ்சு படபடக்க, காது கிழிந்த குட்டியை முதலில் விட்டேன். ஏன் அதை என்று கேட்டால் தெரியாது. மணந்து பார்த்தாள். மூஞ்சியால் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு 'க்கும், க்கும், க்கும்' என்று தொண்டைக்குள் ஒரு சத்தம். பால் கொடுக்கக் கூப்பிடுகிற சத்தம் அது. போன முறை நான் அதைக் கேட்டிருக்கவில்லை.

மிகச் சிறிய ஒன்று இரண்டாம் நாள் இறந்தது. ஒன்பது நின்றன. மூன்றாம் நாள் டொக்டரே வந்து இரும்புச்சத்து ஊசி போட்டார். சீமெந்துக் கொட்டிலில் மண் கிளறாத குட்டிகளுக்கு அது இல்லாவிட்டால் இரத்தம் வற்றிவிடும். ஒரு குட்டிக்கும் கழிச்சல் வரவில்லை. ஆவணி மடுத் திருவிழாவுக்கு முன் ஏழை விற்று, கடனில் மிச்சத்தைக் கட்டினேன். இரண்டு பெட்டையை நிறுத்திக்கொண்டேன். மாமி குட்டி பார்க்க வந்து, "வாயிலை வெத்திலை இருந்ததாலை அண்டைக்கு ஏதோ சொல்லிப்போட்டன்" என்றார். அவர் வெற்றிலை போடுவதேயில்லை.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். 2024 இன் கடைசி மாதங்களில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்கும் வந்து, எத்தனையோ பேருடைய கொட்டில்களை வெறுமையாக்கியது. குணப்படுத்த மருந்தில்லாத நோய். ஒரே ஊசிமுனையை ஒரு கொட்டிலிலிருந்து இன்னொரு கொட்டிலுக்குக் கொண்டுபோவதாலும் அது பரவும். அன்று நத்தார் இரவு வந்தவர் எத்தனை வீட்டில் அந்த ஊசியைக் குத்திவிட்டு வந்தாரோ, நான் கேட்கவில்லை. இப்போது என்னுடைய கொட்டிலுக்குள் ஊசி வருவதென்றால் டொக்டரோடு, புது முனையோடுதான். வெளியார் செருப்பும் உள்ளே வராது.

சீமாட்டியின் மூன்றாவது ஈற்றுக்கும் டொக்டர் போனில் காத்திருந்தார். நானும் வழமைபோல் சாக்கை விரித்து, வைக்கோல் ஓரம் குந்தினேன். ஏழாவது குட்டி வந்ததும் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன் போலும். திடுக்கிட்டு விழித்தபோது கொட்டில் இருட்டாக இருந்தது, ஒரு சத்தமும் இல்லை. பதறிப்போய் ரோச் லைற்றைத் தேடித் தட்டினேன். பன்னிரண்டு குட்டி. எல்லாம் வரிசையாகக் காம்பில். சீமாட்டி ஒரு கண்ணைத் திறந்து, வெளிச்சத்தை அணை என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அணைத்துவிட்டேன்.